முதல் பிடி யாருக்கு?

பொறையாறு

அன்பு நண்பனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் வந்தபோது வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று, உளுந்தும் முளைவிட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள்.

உன் மகனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து அதே நினைவுதான். நல்ல சம்பளம், ஆனால் ஐந்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. வாசலில் தினம் ஒரு பார்சல். தங்கை படிப்புக்குக் கேட்டால் கையில் இல்லை என்கிறான். 'இப்படிச் சுயநலக்காரனாகிவிட்டானே' என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அவனைச் சின்னப்பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், இளகின மனசு அவனுக்கு. அது கெட்டுப்போயிருக்காது. யாருக்கு முதலில் என்கிற வரிசைதான் மாறிவிட்டது. சம்பளம் வந்ததும் போன் தவணை, வண்டித் தவணை, கிரெடிட் கார்டு எல்லாம் கேட்காமலே போய்விடுகின்றன. தங்கையும் சபையும் பக்கத்து வீட்டுக்காரரும் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். தள்ளுபடி, வட்டியில்லாத் தவணை என்று வியாபாரம் செய்கிறவர்கள் அந்த மிச்சத்தைத்தானே குறிவைக்கிறார்கள்?

போன ஞாயிறு ஆயர் லூக்கா 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். நிலம் நன்றாக விளைந்ததும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்றானே ஒரு ஐசுவரியவான், அவன் கதை. அறுப்பு முடிந்த கையோடு கேட்டதாலோ என்னவோ, ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் அவனைத் தவிர ஆளே இல்லை. விதைத்தவன் எங்கே, அறுத்தவன் எங்கே, போரடித்தவன் எங்கே? ஒரு மா நிலம் விளைய எத்தனை பேர் கை படவேண்டும் என்று நமக்குத் தெரியாதா? அவனோ தன் ஆத்துமாவைக் கூப்பிட்டுத் தன்னோடே பேசிக்கொள்கிறான். அப்புறம் அவனிடம் பேசுவது தேவன்தான், அதுவும் சாகப்போகிற ராத்திரியில். படுக்கையில் தனியாகப் போனைத் தள்ளித் தள்ளி, வாங்குவதற்கு ஏதாவது தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் வேறு ஆள் கிடையாது.

லேவியராகமம் 19இல், அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. ஏழைக்கு இரங்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், வயலில் இடத்தையே காட்டிவிடுகிறார் கர்த்தர். கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்துக்காக, அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னானே வயல்காரன் போவாஸ், அவன் வம்சத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார். இங்கே மிஷின் திரும்புகிற மூலையில், வரப்போரமாகக் கொஞ்சம் கதிர் நின்றுபோகும். ஆளை விட்டு அதையும் அரிவாளால் அறுத்து மிஷினில் கொடுத்துவிடுவார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், இந்தத் தடவை அதை விட்டுவிடச் சொன்னேன். தெருக்கோடியில் இருக்கும் பாட்டி ஒருத்தி பேத்தியோடு வந்து அறுத்து, ரோட்டில் போட்டு அடித்து, முறத்தில் தூற்றி எடுத்துப்போனாள். 'கஞ்சிக்கும் ஆச்சு, கோழிக்கும் ஆச்சு' என்றாள்.

வீட்டில் என் மனைவி பிடியரிசியைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறாள். உன் அம்மா செய்துவந்ததுதான். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துப் பக்கத்திலிருக்கும் பழைய பவுடர் டப்பாவில் போடுகிறாள். மிஞ்சின சோற்றைக் கொடுப்பது வேறு, இது வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் அரிசியும் ஒரே அண்டாவில் விழும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும், யாருடைய பிடி எது என்று ஒருவருக்கும் தெரியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது அந்த அண்டாவில் நடக்கிறது.

கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பிவரும் என்று டிவியில் சில ஊழியக்காரர்கள் சொல்வதை மட்டும் உன் மகனிடம் சொல்லிவிடாதே. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதுவும் வாங்குகிற விற்கிற கணக்குதான். 1876–78இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது மாயவரத்து வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களைக் காப்பாற்றினார். அவர் கத்தோலிக்கர். அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடியவரோ சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார். திரும்பி எவ்வளவு வரும் என்று எண்ணிக்கொண்டு பஞ்சத்தில் யாரும் கஞ்சி ஊற்றமாட்டார்கள்.

பிள்ளையை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யாதே. தவணையெல்லாம் தானாகப் போகிற மாதிரி, தங்கை படிப்புக்கும் முதல் தேதியே ஒரு தொகை போகும்படி வங்கியில் எழுதிவைக்கச் சொல். ஐந்நூறோ ஆயிரமோ, எதுவாக இருந்தாலும் சரி, போன் தவணைக்கு முன்னால் போகவேண்டும். அப்புறம் எதை வாங்குவது, எதை விடுவது என்று அவனே பார்த்துக்கொள்வான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வாரம் அவனை இங்கே அனுப்பு. உளுந்து பறிப்பு இருக்கும். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718இல் கட்டிய புது எருசலேம் கோயிலுக்கும் கூட்டிப்போகிறேன். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து நானே பேசிப்பார்க்கிறேன், என்னிடம் அவன் மனசுவிட்டுப் பேசுவான். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. உன் மனைவியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்