1911 மாடல் டி கிட்டில் இடப்பக்க ஃப்ரேம் வராதது பற்றியும் உங்கள் புதுச்சேரி கிடங்கில் நடந்தது பற்றியும் புகார்

அனுப்புநர்:
மோட்டார் வைண்டிங் கடை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 1/32 அளவு ஃபோர்டு மாடல் டி கார் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி) – பி ஃப்ரேமுக்குப் பதில் ஏ ஃப்ரேமே திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடிதம் வரை போகக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் பொறுத்துப் பார்த்தேன். போனில் சொன்னேன், மெயில் எழுதினேன், உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்பினேன், கடைசியில் நேரிலும் வந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் பேசுகிறார். அவரிடம் முதலிலிருந்து சொல்லி முடித்தால், "சார், இது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்கிறார். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

குறை சின்னதுதான். கிட்டின் பாகங்கள் சட்டம் சட்டமாக, அதாவது ஃப்ரேம்களில், ஒட்டியபடி வருகின்றன; வலப்பக்கத்துக்கு ஏ, இடப்பக்கத்துக்கு பி. பெட்டிக்குள் ஏ ஃப்ரேம் இரண்டு இருந்தன, பி ஃப்ரேம் இல்லை. பி ஃப்ரேமில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடியின் இடப்பக்கம், இடப்பக்க ஃபுட்போர்டு, முன்னும் பின்னும் மட்கார்டு எல்லாம் அதில்தான். செருப்பு வாங்கினவனுக்கு இரண்டும் வலது காலாகக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அந்த இரண்டு ஃப்ரேமும் ஒரே பிளாஸ்டிக் உறையில், நீங்கள் சீல் வைத்தபடியே வந்தவை. பிரித்த அன்றே படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் ஆள் திருப்பிக் கேட்டது என்ன? "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும் என்று பெட்டியின் மேல் எங்கே போட்டிருக்கிறீர்கள்? நான் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன், இல்லை.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு கிட் கேட்கவில்லை. ஒரு பி ஃப்ரேம், அவ்வளவுதான் கேட்டேன். முதல் நாளிலிருந்து இன்று வரை அதையேதான் கேட்கிறேன்.

இப்போது நீங்கள் மெயிலில் சொல்லியிருக்கும் காரணத்துக்கு வருகிறேன். "வாடிக்கையாளர் பொருளில் மாற்றங்கள் செய்துள்ளதால் மாற்று பாகம் வழங்க இயலாது." இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் புகார் செய்தபோது கிட்டில் ஒரு பாகத்தைக்கூட வெட்டி எடுத்திருக்கவில்லை. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நீங்கள் இழுத்தடித்த மாதங்களில், இடப்பக்கம் தேவைப்படாத வேலைகளை நான் செய்துகொண்டிருந்தேன். தாமதம் உங்களுடையது. அந்தத் தாமதத்தில் நான் சும்மா இருக்கவில்லை என்பதையே என்மேல் குற்றமாக எழுதுவது என்ன நியாயம்?

அப்புறம், "மாற்றங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே, அவை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கிட் பழைய மோல்டில் மறுபடி வார்த்த எளிய கிட். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அதற்காகவேதான் வாங்கினேன். அடிப்படை அளவு சரியாக இருக்கிறது. நிஜ வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலம். 1/32-ல் அது 79 மில்லிமீட்டர் சொச்சம், உங்கள் சேஸியும் அதே அளவுதான். இப்படி எலும்பு சரியாக இருக்கும் கிட்டில் மீதியைக் கையால் செய்துகொள்ளலாம். அதில்தான் இந்த வேலையின் சந்தோஷமே இருக்கிறது.

ரேடியேட்டரை ஒரே கட்டியாக வார்த்திருக்கிறீர்கள், முகப்பில் கோடு மட்டும். நான் அந்த முகப்பைக் குடைந்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஷீட் துண்டு ஒன்றின் மேல் 40 கேஜ் எனாமல் கம்பியை இடைவெளி இல்லாமல் சுற்றி உள்ளே வைத்தேன். மாடல் டி ரேடியேட்டரில் குறுக்காக ஓடும் தகடுகள் அப்படியே தெரிகின்றன. வெளிச்சட்டம் அந்த வருடத்து வண்டியில் பித்தளை. பெயின்ட்டில் பித்தளை நிறம் வராது என்று, லேத் பட்டறையில் ஷிம் எனப்படும் மெல்லிய பித்தளைத் தகடு வாங்கிச் சுற்றி ஒட்டினேன். பக்கவாட்டு மண்ணெண்ணெய் விளக்குகள் பால்பாயின்ட் ரீஃபிலின் பித்தளை முனைகள். முன்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங் உங்கள் கிட்டில் ஒரு கோல்தான். அதை எடுத்துவிட்டு மெல்லிய ஷீட்டைப் பட்டை பட்டையாக வெட்டி அடுக்கினேன். டயர் நான்கும் உங்கள் பெட்டியில் ஒரே அகலம். நிஜத்தில் முன்னால் 3 அங்குலம், பின்னால் மூன்றரை. முன் டயர் இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்து இளைக்க வைத்தேன். ஸ்டியரிங் வீலுக்குக் கீழே இடது பக்கம் தீப்பொறி நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லிவர், வலது பக்கம் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் லிவர். உங்கள் கிட்டில் இரண்டும் கிடையாது, நான் கம்பியில் வளைத்துச் செய்தேன். தரையில் மூன்று பெடலும் அப்படித்தான். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட். அதைச் சூப்பர் குளூவில் ஒட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் ஃபெவிகாலில் ஒட்டினேன்.

டேஷ்போர்டில் வரும் காயில் பெட்டியைத்தான் அதிகம் ரசித்துச் செய்தேன். நான் காயில் கட்டிப் பிழைக்கிறவன். அந்த வண்டியின் ஃப்ளைவீலில் 16 காந்தம், எதிரே 16 காயில். பேட்டரி இல்லாமலே அதிலிருந்து கரண்ட் எடுத்துத் தீப்பொறி உண்டாக்கினார்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்த வண்டி அது. எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் அதைக் கும்பிட வேண்டும். அந்த மரியாதையோடுதான் செய்தேன். இவை கிட்டைக் கெடுத்த மாற்றங்களா, கிட்டுக்குப் பெருமை சேர்த்த வேலைகளா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, இடப்பக்கத்தையும் நீயே செய்துகொள்ளலாமே என்று உங்கள் பிரதிநிதி ஒருவர் கேட்டார். முடியாது. வலப்பக்கம் உங்கள் மோல்டில் வந்த வளைவு. மறுபக்கம் நான் ஷீட்டில் செய்தால் மட்கார்டின் வளைவும் கதவுக் கோடும் இதற்கு ஜோடியாக வராது, முன்னால் நின்று பார்த்தாலே வண்டி கோணலாகத் தெரியும். அதோடு இந்த வண்டியில் முக்கியமான பக்கமே இடப்பக்கம்தான். ஸ்டியரிங் அங்கே. முன் விளக்குக்கு கேஸ் கொடுக்கும் கார்பைடு உருளை அங்கே, ஃபுட்போர்டின் மேல். அந்த உருளையை நான் செய்து முடித்து, 30 கேஜ் கம்பியில் குழாயும் இழுத்து வைத்திருக்கிறேன். நிறுத்தி வைக்க ஃபுட்போர்டு இல்லை.

இனி நான் மறக்க முடியாத விஷயம். பொருளை நேரில் காட்டினால் உடனே மாற்றித் தருவார்கள் என்று சொல்லி, புதுச்சேரியில் இருக்கும் உங்கள் கிடங்குக்கு வரச் சொன்னது உங்கள் கஸ்டமர் கேர்தான். கோடைக்காலம். போர்வெல் மோட்டார்கள் எரிந்து எரிந்து வரும் நேரம், எங்கள் கடைக்கு அதுதான் சீசன். கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அரியாங்குப்பம் பாலத்தில் வழக்கம் போல நெரிசல். கிடங்கைக் கண்டுபிடித்து உள்ளே போனால், கவுண்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. சாப்பாட்டு நேரம், அப்புறம் வா என்றார். காத்திருந்தேன். உட்கார ஒரு நாற்காலி இல்லை. பிறகு பெட்டியை வாங்கினார், திறந்தார், சேஸியை இரண்டு விரலால் தூக்கி உதறினார். விளக்கு ஒன்று ஸ்டாண்டோடு கழன்று தரையில் விழுந்தது. "தம்பி, பார்த்து" என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெருசு, இது பொம்மை. இதுக்குப் போய் கடலூர்லேருந்து பஸ் ஏறி வந்திருக்கியா?"

என் மகன் வயதுகூட இருக்காது அவருக்கு. நான் அவரை ஒரு தடவைகூட மரியாதை குறைத்துப் பேசவில்லை. விழுந்த விளக்கை நான்தான் மண்டியிட்டுத் தேடி எடுத்தேன். அவர் குனியவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பெயின்ட் அடித்த பொருளை வாங்க மாட்டோம், ஹெட் ஆபீஸில் கேள் என்று பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். ஹெட் ஆபீஸ்தான் என்னை அங்கே அனுப்பியது! திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பாட்டில் இருக்கிறதா என்று பைகளைச் சோதித்த போலீஸ்காரர் என் பெட்டியையும் திறந்தார். உள்ளே பார்த்ததும், "ஐயா செஞ்சதா? உடைஞ்சிடப் போகுது, பார்த்து மூடுங்க" என்றார். முன்பின் தெரியாத போலீஸ்காரருக்கு இருக்கும் பக்குவம், அந்தப் பொருளை விற்றுச் சம்பளம் வாங்குகிறவருக்கு இல்லை.

இதற்குப் பிறகு நீங்கள் கூரியரில் ஒரு ஃப்ரேம் அனுப்பினீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை, மனசாட்சி இருக்கிறது என்று நினைத்துப் பிரித்தேன். அதுவும் ஏ ஃப்ரேம். இப்போது என்னிடம் மூன்று வலப்பக்கம் இருக்கிறது. உறையின் மேல் பி என்று ஸ்டிக்கர், உள்ளே ஏ. அனுப்புகிறவர் உறையைத் திறந்து ஒரு முறை பார்த்திருந்தால் போதும். உங்கள் பொருளைப் பற்றி உங்களை விட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் நீங்கள், "கேஸ் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்று மெசேஜ் அனுப்பினீர்கள்.

நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கிட்டின் விலை பெரிய விலை அல்ல. ஆனால் நான் கடையைப் பூட்டிவிட்டு வந்த நேரத்தில் மோட்டாரோடு வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், இனி அவர்கள் என்னிடம் திரும்பப் போவதில்லை. இந்த வருடத்து சீசனே எனக்குப் போய்விட்டது. விளக்கை மறுபடி செய்வதில் கண் எரிச்சல் வந்து டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. வீட்டில் நிம்மதி இல்லை. எல்லாம் சேர்த்தால் ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு பைசா குறையாது.

நான் சண்டைக்காரன் அல்ல. நீங்கள் நல்ல கிட் போடுகிறீர்கள். பழைய வண்டிகளை இந்த விலையில் எங்கள் ஊர் ஆட்களுக்குக் கிடைக்கச் செய்கிறீர்கள், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் சட்டம் எனக்கும் தெரியும். இணையத்தில் விற்கிறவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. வழக்குப் போட வேண்டுமானால் புதுச்சேரிக்குத்தான் வர வேண்டும் என்று உங்கள் ஆள் போனில் மிரட்டினார். அதுவும் தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, என் வீட்டிலிருந்து தூரமும் இல்லை. 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வேன், அங்கேயும் சரிவராவிட்டால் ஆணையம்தான். மூன்று ஏ ஃப்ரேமையும் அங்கே மேஜையில் வைப்பேன்.

அந்த நிலை வேண்டாம் என்றுதான் இன்னமும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பி ஃப்ரேம் ஒன்றை அனுப்பி வையுங்கள். கவுண்ட்டரில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இனி யாராவது ஒரு பெட்டியோடு வந்து நின்றால், அதை மேஜையில் வைத்துத் திறக்க அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். உடைந்த விளக்குக்கும் நான் வந்து போன செலவுக்கும் நீங்களே நியாயமாக ஒரு தொகை முடிவு செய்து எழுதுங்கள். 15 நாள் தாண்டினால் ஒரு லட்ச ரூபாயையும் சேர்த்தே கேட்பேன், அப்போது பேச்சு வார்த்தைக்கு வராதீர்கள்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். கஸ்டமர் கேரிலிருந்து இனி யாரும் போன் செய்ய வேண்டாம், நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், மூன்று ஏ ஃப்ரேம்களின் படம், விளக்கு உடைந்த சேஸியின் படம், உங்கள் மெயில்களின் அச்சுப் பிரதி.

பின்குறிப்பு: ஃப்ரேமை அனுப்பும் முன் உறையின் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஃபுட்போர்டின் ஓரத்தைப் பாடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடதா வலதா என்று உடனே தெரிந்துவிடும். நீல பெயின்ட் கலந்து வைத்திருக்கிறேன். 1911-ல் இந்த வண்டி கரு நீலத்தில் வந்தது, கறுப்பு மட்டும் என்பது 1914-லிருந்துதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் ஈரத்தில் பெயின்ட் மங்கிவிடும். ஆகவே அதற்கு முன் எனக்கு வந்து சேர வேண்டும்.