லைனை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஃபிளை ஃபிஷிங் கட்டுரையைப் படித்தேன். (எடையே இல்லாத செயற்கைப் பூச்சியை, லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், கனத்தாலேயே வீசி மீன் பிடிப்பது இது.) தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் ஆசையாகவே படித்தேன். ஆனால், ஃபாஸ்ட் வகை ராட் (தூண்டில் கோல்) வைத்திருப்பவர்கள் எப்போதும் ஒரு எண் கூடுதலான, அதாவது ராடில் குறித்திருப்பதைவிடக் கனமான, லைன் போட வேண்டும் என்று அதில் இருந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே அறிவுரையைக் கேட்டு ஒரு சீசன் முழுவதையும் வீணாக்கியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய ராட் ஒன்பது அடி, ஐந்தாம் எண், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நுனிப்பக்கம் மட்டும் வளையும், நடுப்பகுதி விறைப்பாக நிற்கும். புதிதில் அது வளைவதே கைக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னபடி ஆறாம் எண் லைன் வாங்கிப் போட்டேன். இருபது, இருபத்தைந்து அடிக்கு அருமையாக இருந்தது. அதைத் தாண்டினால் நுனி பாரம் தாங்காமல் தாழ்ந்துபோகும். வீசும்போது காற்றில் லைன் மடங்கி ஓடும் வளைவான லூப்பின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தில் வந்து விழும். லைன் நுனியில் கட்டும் மெல்லிய இழையான லீடரில் முடிச்சுக்குமேல் முடிச்சு. என் கையில்தான் குறை என்று நினைத்து, மாதக்கணக்கில் வீச்சையே திருத்திக்கொண்டிருந்தேன்.

தராசு பழுது பார்ப்பது என் தொழில். ஒரு நாள் வேலை முடிந்ததும் அந்த லைனில் முதல் 30 அடியை அளந்து, சுருட்டித் தட்டில் வைத்தேன். (மீதி லைனின் இழுப்பு தட்டில் படக்கூடாது, அதைத் தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.) லைனின் எண் என்பதே இந்த முதல் 30 அடியின் எடைதான். நுனியில் ஒரே தடிமனாக ஓடும் சில அங்குலத்தை மட்டும் சேர்ப்பதில்லை. ஐந்தாம் எண் என்றால் 140 கிரெயின் (லைன் எடைக்கு வழங்கும் சிறிய அலகு), அதாவது சுமார் 9.1 கிராம். ஆறு என்றால் 160 கிரெயின், 10.4 கிராம். ஆறாம் எண்ணுக்கு 152 முதல் 168 கிரெயின் வரை இருக்கலாம் என்று தரநிலை இடம் கொடுக்கிறது. என் லைன் காட்டியது 11.4 கிராம், அதாவது 176 கிரெயின்! ஏழாம் எண் 177-இல் தொடங்கிவிடுகிறது.

ஃபாஸ்ட் ராடுகளை மனதில் வைத்து, தயாரிப்பவர்களே அரை எண்ணோ ஒரு எண்ணோ கூட்டிச் செய்யும் லைன்கள் இன்று நிறைய வருகின்றன. பெட்டியில் இருப்பது பழைய எண்தான். அதற்குமேல் நாமும் ஒன்று கூட்டினால், கூட்டியதையே மறுபடி கூட்டியதாகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

எவ்வளவு தூரம் வீசுகிறோம் என்பதையும் கட்டுரை கேட்கவே இல்லை. ஐந்தாம் எண் லைனில் ஓர் அடிக்குச் சராசரியாக நாலரை கிரெயினுக்குச் சற்று மேல் வரும். 30 அடிக்கு அப்பால் இன்னும் நாலைந்து அடியைக் காற்றில் வைத்துச் சுழற்றினாலே 20 கிரெயின் ஏறிவிடுகிறது. ராடைப் பொறுத்தவரை அது ஆறாம் எண் பாரம். அதனால் சின்ன ஓடையில் இருபது அடிக்குள் வீசுகிறவர் விறைப்பான ராடில் ஒரு எண் கூட்டிக்கொள்வது நியாயம். நாற்பது, நாற்பத்தைந்து அடியைக் காற்றில் தூக்குகிறவருக்கு அதே ராடில் சரியான ஐந்து போதும்.

அப்புறம், ஆக்‌ஷனையும் பலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆக்‌ஷன் என்பது ராட் எங்கே வளைகிறது என்பது. பலம் என்பது வளைக்க எவ்வளவு பாரம் தேவை என்பது. வளைந்தது எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பது இரண்டிலிருந்தும் வேறு. வில்லியம் ஹானிமன் என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். ராடைப் படுக்கைவாட்டில் கட்டி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி இறங்கும்வரை அதில் ஒரு சென்ட் காசுகளைப் போட வேண்டும். காசுகளின் எடை பலத்தைச் சொல்லும். அந்த நிலையில் நுனி நிற்கும் கோணம் ஆக்‌ஷனைச் சொல்லும். நுனியில் மட்டும் வளைந்தும் இளகலாக இருக்கிற ராட் உண்டு. அதற்குக் கனமான லைன் போட்டால் துவண்டுவிடும்.

என் மகள் பழகுவது அடிவரை வளைந்து மெதுவாக நிமிரும் ஃபைபர் கிளாஸ் ராடில், நாலாம் எண். எடை பார்த்து, 120 கிரெயினுக்குப் பக்கத்தில் நின்ற லைனைத்தான் போட்டுக் கொடுத்தேன். லைன் பின்னால் முழுதாக நீளும்வரை காத்திருக்க அவள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். எனக்கு அது வருவதற்கு ஒரு வருடம் ஆனது.

இப்போது என் ராடில் 9.2 கிராம் லைன் ஓடுகிறது. முடிச்சு விழுவது அநேகமாக நின்றுவிட்டது. அந்தக் கட்டுரையை நம்பிப் புது லைன் வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களுக்காக, எண்களுக்கான எடைப் பட்டியலை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தராசு பழுது பார்க்கும் ஒரு வாசகர்