ஒதுங்கினேனா, ஒதுக்கினார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், 'சமூகத்திலிருந்து ஒதுங்கித் தனிமையில் வாடும் மூதாட்டிகள்' என்று ஒரு வரி. பக்கத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு பெண்மணியின் படம். அவர் வாடுகிறார் என்பதை அவரிடம் கேட்டுத்தான் எழுதினார்களா?

ஒதுங்குவது தன்வினை, ஒதுக்குவது பிறவினை. இது தங்களுக்குத் தெரியாததல்ல. துறவு அதிகாரத்தின் முதல் குறளில் 'நீங்கியான்' என்கிறார் வள்ளுவர். அங்கே நீங்குகிறவன் தானாக நீங்குகிறான். யாரும் அவனை நீக்கவில்லை.

என் கணவர் இறந்த பிறகு உறவினர் வீட்டு அழைப்பிதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஒருமுறை மனம் பொறுக்காமல் கேட்டேன். "நீங்கள்தான் ஒதுங்கிவிட்டீர்களே" என்றார்கள். நான் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன். அவர்கள் செய்ததை அந்த ஒரு சொல்லால் என் செயலாக்கிவிட்டார்கள். அதே சொல்லைத் தங்கள் இதழிலும் பார்த்தபோது, பக்கத்தைப் புரட்ட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2020-இலும் இப்படித்தான் நடந்தது. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பதும், தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தில் ஒருவரைக் காத்திருக்க வைப்பதும் வெவ்வேறு. பத்திரிகைகள் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதின. எனக்குத் தொற்றே இல்லை. 14 நாட்கள் வீட்டுக்குள் இருந்தேன், அவ்வளவுதான். கதவில் ஒட்டிய தாளில் அந்தச் சொல்லைப் படித்த எதிர்வீட்டார், தாளைக் கிழித்த பிறகும் பல மாதங்கள் என்னைக் கண்டால் படியிறங்காமல் நின்றுவிடுவார்கள்.

தனியாக இருப்பதெல்லாம் துயரம் என்று யார் சொன்னது? 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்ற ஔவையின் வரி நம்மிடம் இருக்கிறது. விடிவதற்கு முன் விளக்கைப் போட்டு, ஒரு புத்தகத்தோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன்கூட, நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையாருக்காகப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். உலகை விட்டு விலகியவனுக்கும் நண்பன் வேண்டியிருந்தது. இவ்வளவையும் 'வாடும்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடலாமா?

நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அந்தப் படத்தை மீண்டும் வெளியிட நேர்ந்தால், கீழே 'தனித்து வாழும் பெண்மணி' என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி