செயலாளரின் ஆண்டறிக்கை: ஊசியும் நூலும் சொன்ன சாட்சி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போரிலும் அடக்குமுறையிலும் ஒரு சமூகம் பட்ட பாட்டை, அதைப் பார்த்திராத தலைமுறைக்குக் கலை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதையே ஆண்டு முழுவதும் பேசுவதாகச் சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அப்படியே மாதக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியத்தில் தொடங்கினோம். 1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சில் சிதைந்த ஸ்பெயின் நாட்டு ஊரின் பெயர் அது. படத்தில் ஒரு விமானம்கூட இல்லை, அலறும் வாய்கள்தான். பலரும் அறிந்த படம் என்பதால் ஒரே அமர்வோடு நிறுத்திக்கொண்டோம்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டவை சிலி நாட்டின் அர்பியேரா துணிச்சித்திரங்கள். 1973 இராணுவப் புரட்சிக்குப் பின் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்த பெண்கள், தேவாலய ஆதரவில் ஒன்றுகூடி, சாக்குத்துணிமேல் பழந்துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டுச் செய்தவை. மேலே ஆண்டீஸ் மலை, பளீரென்று ஒரு சூரியன். கீழே தெருவில் 'எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்கும் பதாகை. காணாமல்போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்கள் உண்டு. சிலவற்றின் பின்பக்கம் சின்னதாக ஒரு பை, அதற்குள் கைப்பட எழுதிய சீட்டு. வெறும் தையல்வேலைதானே என்று ஆட்சியாளர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் அவை நாடு கடந்து விற்பனைக்குப் போய்விட்டன. பின்னாளில் பெரு நாட்டுப் பெண்களும் இதே முறையில் தங்கள் போர்க்காலத்தைத் தைத்தார்கள்.

துயரத்தை விற்கலாமா என்று கூட்டத்தில் சூடான விவாதம் வந்தது. அந்தக் காசில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதால், இதில் குறை காண என்னால் முடியவில்லை.

அப்புறம் லாவோஸின் மலைவாழ் இனமான மொங் மக்கள். கட்டமும் சுருளுமாகவே தைத்துவந்த அவர்களுடைய பெண்கள், 1975க்குப் பிறகு தாய்லாந்து அகதி முகாம்களில் விமானங்களையும், மீகாங் ஆற்றைக் கடந்து தப்புகிறவர்களையும் தைக்கத் தொடங்கினார்கள். சிலி எங்கே, லாவோஸ் எங்கே! இரண்டு இடத்திலும் கைக்கு எட்டியது ஊசியும் நூலும்தான்.

வரும் ஆண்டுக்கு ஹிரோஷிமாவில் உயிர் தப்பியவர்கள் வரைந்த படங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. 1974இல் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், தாம் வரைந்த படத்தை ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதையடுத்து மற்றவர்களும் அனுப்ப, 2,000க்கும் மேல் சேர்ந்தன. பெரும்பாலோர் ஓவியம் பயிலாதவர்கள். இந்தப் பரிந்துரைக்கு உறுப்பினர்கள் ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்