தலைப்பில் எலி எங்கே?

ஆராய்ச்சி நிறுவனங்களில் செய்திக் குறிப்பு எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். "மூளைக் கட்டியை அழிக்கும் மூலிகைச் சேர்மம்" என்று உங்களில் ஒருவர் போட்ட தலைப்பு போன வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அக்காவுக்கு கிளியோபிளாஸ்டோமா, மூளையில் வரும் கொடிய புற்றுக்கட்டி. வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது கட்டைவிரலால் போனைத் தள்ளித் தள்ளி, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். பாதியில் கண் அசந்துவிட்டது. 'எலிகளில்' என்ற சொல் கடைசிக்கு முந்தின பத்தியில் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனை நீட்டி, "இது எப்பக் கிடைக்கும்?" என்றாள். அவர் கடைசிவரை படித்துவிட்டு, கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். "இது எலிக்குத்தாம்மா." வீடு வரும்வரை அக்கா வாயே திறக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எலியில் நடந்த சோதனை என்றால் தலைப்பிலேயே 'எலி' என்று போடுங்கள்.

செடிமேல் எனக்கு விரோதமில்லை. நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சில மூளைக் கட்டிகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த எலியின் கதை உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குன்றிய எலி. பல சோதனைகளில் மனிதக் கட்டிச் செல்லை ஏற்றுவது மூளையில்கூட இல்லை, விலாப்பக்கத் தோலுக்கடியில். பெரும்பாலான மருந்துகளை ரத்தத்திலிருந்து மூளைக்குள் விடாத தடுப்பு அங்கே ஏது? இந்தச் சோதனைகளில் காலங்காலமாக ஓடிய யு87 செல்வரிசை, அதாவது ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஆய்வகத்தில் வளர்த்துவரும் செல்கள், 1960களில் எடுத்த மூலக் கட்டியோடு ஒத்துப்போகவில்லை என்று 2016இல் தெரியவந்தது. யாருடையதென்றே தெரியாத கட்டி, எலியின் விலாவில் சுருங்கியிருக்கிறது. எலிக்கு வாழ்த்துகள்.

2005இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் கொடுத்தபோது இதே நோய் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. அந்த இரண்டரை மாதத்தைக் காட்ட 573 மனிதர்கள் சோதனைக்கு உட்பட்டார்கள். உங்கள் 'அழிக்கும்' என்ற சொல்லுக்கு எத்தனை எலி? அக்கா இப்போது அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறாள். அதை நிறுத்திவிட்டு மூலிகைக்குப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். அதை என்னிடம் சொன்னது நேற்றுத்தான்.

சரி, குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. எலி இரண்டே எழுத்து. அடுத்த முறை தலைப்பில் அதற்கு இடம் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை இப்போதெல்லாம் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கும் ஒரு தம்பி