நம்மூர்த் தோலில் நாங்கள் சேர்த்தி இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், 'நம்மூர்த் தோலுக்கு சன்ஸ்கிரீன் வெட்டிச் செலவு. பகல் 11 மணிக்கு மேல் அரை மணி நேரம் வெயிலில் நின்றாலே வைட்டமின் டி கிடைத்துவிடும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாமலோ குறைவாகவோ பிறக்கும் அல்பினிசம் உள்ளவர்கள் உங்கள் 'நம்மூரில்' சேர்த்தி இல்லை போலிருக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்களில் அவர்களும் உண்டு, ஐயா.

தங்களுக்குத் தெரியாததல்ல. நம்மூர்த் தோலுக்கு உண்டென்று கட்டுரையாளர் நம்பும் பாதுகாப்பைத் தருவது மெலனின் என்ற நிறமி. அது உருவாகாமலோ மிகக் குறைவாகவோ பிறப்பவர்களுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. குழந்தைப் பருவம் முதல் சேர்ந்துகொண்டே போகும் சேதம்தான் பின்னாளில் தோல் புற்றாகிறது. இவர்களுக்கு அதிகம் வருவது தோலின் மேலடுக்கில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்று; முகம், காது, கழுத்து, கீழுதடு எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். தான்சானியா போன்ற வெயில் நாடுகளில் இருபது, முப்பது வயதிலேயே முற்றிய நிலையில் வருகிறார்கள். சென்னை வெயில் என்ன, அவர்களுடையதைவிடச் சாதுவா?

உங்கள் பத்திரிகைக்கு இது முதல் தடவையும் அல்ல. ஜூன் 13, சர்வதேச அல்பினிசம் விழிப்புணர்வு நாளன்று நீங்கள் போட்ட படத்தில் இருந்தவருக்கு இருந்தது வெண்புள்ளி. அது இடையில் வருவது. அல்பினிசம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்வதால் பிறவியிலேயே இருப்பது. அதற்கு முன்பு ஒரு வாசகி 'இது தொற்றுமா?' என்று கேட்டதற்கு 'மருத்துவரை அணுகவும்' என்று பதில் போட்டீர்கள். 'தொற்றாது' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடமில்லாத அதே பக்கத்தில், ஏழே நாளில் சிவப்பழகு தரும் க்ரீமுக்குக் கால் பக்கம் கிடைத்தது.

தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை கவுன்டருக்கு உள்ளே நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சன்ஸ்கிரீன் வாங்க வருபவர்களில் பலருக்கு 'பட்டாணி அளவு போதும்' என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போதாது. அட்டையில் உள்ள எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. முகம், காது, கழுத்துக்கு அரை டீஸ்பூன். கை ஒவ்வொன்றுக்கும் அரை டீஸ்பூன். ஒரு வேளைக்கே ஏழெட்டு மில்லி. வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு ஒரு முறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்து வழிந்தால் அதற்கும் முன்பே. ஒரு நாளில் மூன்று முறை பூசினாலே 50 கிராம் ட்யூப் இரண்டரை நாள் தாண்டாது. அதை மாதம் முழுக்க ஓட்டுகிறவருக்கு எஸ்பிஎஃப் 50 என்பது அட்டையில் மட்டும்தான்.

அதனால்தான் துணி முதலில், களிம்பு பிறகு என்கிறோம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கை நிழல் தெரிந்தால் அது உதவாது. நெருக்கமான நெசவு, அடர் நிறம், முழுக்கை, காலர், தொளதொளப்பு. மெல்லிய வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகமாகக் கதிரை உள்ளே விடும். முன்பக்கம் மட்டும் நீட்டிய கேப் காதையும் பிடரியையும் கைவிட்டுவிடும். சுற்றிலும் 3 அங்குல விளிம்புள்ள தொப்பி வேண்டும். குடை நல்லதுதான், ஆனால் மணலிலும் சிமென்ட் தரையிலும் பட்டுத் தெறிப்பதை அது தடுக்காது. பிற்பகலில் கடல் காற்று வந்ததும் 'வெயில் தணிந்துவிட்டது' என்று இறங்கி நடப்போம். தணிவது சூடு மட்டும்தான், கதிர் அல்ல. இதையெல்லாம் தெரிந்து பெற்றவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினால், யூனிஃபார்ம் விதி என்று அரைக்கைக்கு மாற்றச் சொல்லும் பள்ளிகளும் இங்கே உண்டு. அல்பினிசத்தோடு சேர்ந்து வரும் பார்வைக் குறைவுக்காக முதல் பெஞ்ச் கொடுப்பார்கள், அதுவும் ஜன்னலோரம்!

பூசும்போது விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: காது மடல் விளிம்பு, பிடரி, கீழுதடு, செருப்புக்கு மேலே தெரியும் பாதம். அங்கே விரலால் தடவினால் உப்புத்தாள் போல நெருடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது புற்றுக்கு முந்தைய நிலை. திரவ நைட்ரஜனால் உறைய வைத்தோ ஃப்ளூரோயுராசில் களிம்பாலோ அப்போதே தீர்க்கலாம். 4 வாரத்தில் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து ரத்தம் கசியும் இடம் என்றால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படலாம். ஆனால் பலர் மாதக்கணக்கில் கிருமிநாசினிக் களிம்பு வாங்கிப் போகிறார்கள். கறுப்பு மச்சம் வருமென்று காத்திருக்கவும் கூடாது. நிறமியே இல்லாதவருக்கு, வழக்கமாகக் கறுப்பாக வரும் மெலனோமா என்ற தோல் புற்றுகூட இளஞ்சிவப்பாகத்தான் வரலாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை தோல் மருத்துவரிடம் முழு உடம்பையும் காட்ட வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கு டாக்சிசைக்ளின் எழுதும்போதும் அல்பினிசம் இருப்பதைச் சொல்லுங்கள். இரண்டும் வெயில் தாங்காத தோலை மேலும் தாங்காமல் செய்யும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வைட்டமின் டி குறைந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை போடலாம். அதற்காக நடுப்பகல் வெயிலில் நிற்கச் சொல்வது என்ன வைத்தியமோ!

உலக சுகாதார நிறுவனம் 2025இல் சன்ஸ்கிரீனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கட்டுரையாளருக்கு அது வெட்டிச் செலவு. இங்கே அது இன்றும் அழகுசாதனப் பொருளாகத்தான் விற்பனையாகிறது என்பதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதுங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே கட்டத்தில், 'இந்த யோசனை அல்பினிசம் உள்ளவர்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி போட்டால் போதும். விளம்பரம் போக இடம் மிஞ்சினால்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை.