கவருக்குள் கொஞ்சம் மதுரை வெயில்

மதுரை
மே 29

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். நேற்றோடு கத்திரி முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. ஆனால் இன்று காலை எட்டு மணிக்கே மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை. மெல்போர்னில் இப்போது இலையெல்லாம் உதிர்ந்து குளிர் ஆரம்பித்திருக்கும். குளிரில் உன் முழங்கால் வலி கூடுமே, அதை நினைத்துக்கொள்கிறேன். தைலம் தீர்ந்துபோனால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

பொங்கலன்று போனில் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். “மதுரைப் படம்னு எதைப் பார்த்தாலும் கோபுரமும் அழகர் கூட்டமுமாத்தான் இருக்கு. நம்ம தெரு எப்படி இருக்கும்கிறதே மறந்துடும் போல” என்றாய். போனை வைத்த பிறகும் அது மனதிலேயே கிடந்தது. சித்திரை ஒன்றாம் தேதி, வேப்பம்பூ உலுப்பப் போன இடத்தில், மொபைலை எடுத்து மரத்தடியைப் படம் பிடித்தேன். கத்திரி முடிகிறவரை நாளுக்கு ஒரு படமாவது எடுத்து உனக்கு அனுப்புவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். 45 நாளில் 45 படத்துக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. அதில் 22 படத்தை பிரிண்ட் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். இது உன் மேஜைமேல் கிடக்கட்டும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் நம்பர் போட்டிருக்கிறேன்.

படம் எடுக்க எடுக்க உன் சித்தப்பாவின் அக்ஃபா கிளிக் த்ரீ நினைவுதான். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். 1978 பரீட்சை லீவில் நாம் இரண்டு பேரும் காசு சேர்த்து ஒரு ரோல் வாங்கி, அந்தப் பன்னிரண்டையும் மே மாதம் முழுக்க நீட்டினோமே! எடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கடைசியில் கழுவக் கொடுத்த இடத்தில் ரோல் பாழாகி ஒன்றுதான் தேறியது. நீ அன்று சாப்பிடவே இல்லை. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தேறிய அந்த ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் ஒரு வாரம் எடுத்ததில் எதையும் அனுப்பவில்லை. வெயிலைப் படம் பிடிக்கிறேன் என்று உச்சி நேரத்தில் மாசி வீதியில் நின்று எடுத்தால், ரோடு வெள்ளையாக வருகிறது, ஆட்கள் கருப்பாக வருகிறார்கள், அவ்வளவுதான். சூடு படத்தில் விழவே இல்லை. எட்டாவது நாள் தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். நிழற்குடை இல்லாத ஸ்டாப். பார்த்தால், கரண்ட் கம்பத்தின் நிழல் ரோட்டில் ஒரு முழ அகலத்துக்கு நீளமாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு முழத்துக்குள் ஏழு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. முன்னால் நின்ற கல்லூரிப் பையன், பின்னால் வந்த பாட்டிக்காகக் கொஞ்சம் நகர்ந்து தன் ஒரு தோளை வெயிலுக்குக் கொடுத்தான். அதுதான் முதல் படம். பையனின் இடது தோள் மட்டும் பளிச்சென்று இருக்கும், பார்.

அன்றிலிருந்து நிழலைத்தான் தேடினேன். நிழல் இருக்கிற இடத்தில்தான் நம் ஊர் கோடையில் குடியிருக்கிறது, மாப்ளே. சிக்னலில் வெள்ளைக் கோட்டுக்கு முப்பது அடி முன்னாலேயே பைக்குகள் நின்றுவிடுகின்றன, அங்கே ஒரு வாகை மரம் இருப்பதால் (4). கோயிலுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்பதால் சித்திரை வீதியோடு நின்றுகொண்டேன். அங்கே கல் தரையில் விரித்த நார் விரிப்பில் மட்டும் கால் வைத்து ஜனம் வேகவேகமாகப் போகிறது (5). நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பறக்கும் பாலம் வந்திருக்கிறது. 2023-ல் திறந்தார்கள், நீ பார்த்ததில்லை. அதன் அடியில் ஒரு தர்பூசணி வியாபாரி. பாலத்தின் நிழல் நகர நகர அவர் வண்டியையும் தள்ளிக்கொண்டே போகிறார். காலையில் ஒரு தூண் பக்கம், சாயங்காலம் எதிர்த் தூண் பக்கம். ஒரே நாளில் மூன்று முறை போய் எடுத்தேன் (6, 7, 8). மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

9-ம் நம்பர் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மானாமதுரைப் பானைகளை ரோட்டோரம் அடுக்கி விற்கிற ஒரு அம்மா. “என்னை எதுக்குய்யா, பானையை எடு” என்றார். சரி என்று பானையைத்தான் எடுக்கப் போனேன். அதற்குள் ஒருவர் விலை கேட்டு வந்துவிட்டார். அந்த அம்மா பானையை இடது கையில் தூக்கி, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கணீரென்று வந்தால் கீறல் இல்லை என்று அர்த்தம். அந்தக் காதைச் சாய்க்கிற நொடிதான் படத்தில் விழுந்திருக்கிறது. இப்போது எல்லோரும் குழாய் வைத்து, பெயின்ட் அடித்து, பூப் போட்ட பானையைத்தான் கேட்கிறார்களாம். “பெயின்ட் அடிச்சா கண்ணெல்லாம் அடைச்சுக்கும். பானை வேர்க்காது. வேர்த்தாத்தானே தண்ணி குளிரும்?” என்றார். இவ்வளவு நாள் பானைத் தண்ணீர் குடித்தும் அதை இப்படி யோசித்ததில்லை. பிரிண்ட் போட்டதும் ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையால் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “என் காதுல தோடு தெரியுது” என்றார். பெயின்ட் அடிக்காத பானை ஒன்று வாங்கிவந்து, அடியில் ஆற்று மணல் போட்டு, திண்ணை மூலையில் வைத்திருக்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கின அன்றும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? இந்த வருஷம் என்ன நிறப் பட்டு என்று முதல் நாளிலிருந்தே டீக்கடையில் பேச்சு. விடிகாலை நாலு மணிக்கு ஆழ்வார்புரம் பக்கம் கரையில் இடம் பிடித்து நின்றேன். தங்கக் குதிரையை எல்லோரும் எடுப்பார்கள், டிவியிலும் நீ பார்த்திருப்பாய். என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், பத்து வயது இருக்கும், சர்க்கரைச் சொம்பு ஏந்தி நின்றாள். சொம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, வாயை வாழையிலையால் கட்டி, மேலே சூடம். சூடத்தை ஏற்றியதும் காற்றில் அணையாமல் இருக்க அவள் அம்மா பின்னாலிருந்து இரண்டு கையாலும் கூடு கட்டுகிறார். இலை ஓரம் கருகிச் சுருள்கிறது. அந்த நாலு கையும் ஒரு சின்ன வெளிச்சமும்தான் 11-ம் நம்பர். முகம் தெரியாது. சுற்றிலும் “கோவிந்தா” சத்தம், யாரோ தோல் துருத்தியில் பீய்ச்சிய தண்ணீர் என் கழுத்தில் வழிகிறது, எனக்குக் கை நடுங்கியது. அதனால்தான் படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. எடுத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். உன் பெயரையும் சொல்லித்தான் கும்பிட்டேன்.

அன்று மத்தியானம் கரையோரம் ஒரு வேனுக்கு அடியில் கிராமத்துக் குடும்பம் ஒன்று படுத்திருந்தது. தாத்தா மட்டும் விழித்திருந்து, யாரோ தானமாகக் கொடுத்த ஓலை விசிறியால் வரிசையாக எல்லோருக்கும் வீசிக்கொண்டிருந்தார் (12). அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

அப்புறம், வீட்டு மாடி. உன் தங்கச்சி இந்த வருஷமும் கூழ் வத்தல் போட்டாள். வேட்டி விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, காக்கைக்குப் பயம் காட்ட ஒரு கருப்புக் குடை. இந்தப் படத்துக்குத்தான் நான் ரொம்பப் பாடுபட்டேன். வெள்ளை வேட்டி முழுத் திரையையும் அடைத்தால் மொபைல் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. எதைக் காட்டினாலும் நடுவாந்தரமான வெளிச்சத்துக்கு இழுத்துவிடுவது கேமராவின் குணம். திரையில் வேட்டியை விரலால் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளி எடுத்தால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. நாலு நாள் முயற்சி. கடைசியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒவ்வொரு வத்தலுக்கும் அதைவிட நீளமாக நிழல் விழுகிற நேரத்தில் கிடைத்தது (14). அடுத்தது, வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரிக்கிற படம் (15). விரல் நகத்தில் ஒட்டியிருக்கிற மாவைக்கூடப் பார்க்கலாம். ஒரு பொட்டலம் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே உள்ளே விடுவார்களா என்று மகளிடம் கேட்டுச் சொல்.

ஜிகர்தண்டா இல்லையே என்று கேட்பாய். விளக்குத்தூண் பக்கம் போனேன், குடித்தேன், கடல்பாசியும் நன்னாரியும் அதே ருசி. ஆனால் அங்கே எல்லோரும் மொபைலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. பதிலுக்கு ராத்திரி எட்டு மணிப் பருத்திப்பால் வண்டியை எடுத்திருக்கிறேன் (16). இந்த வெயிலிலும் சுடச்சுடத்தான் குடிக்கிறார்கள். கருப்பட்டியும் சுக்கும் கலந்த ஆவி வண்டி விளக்கைச் சுற்றி நிற்பது தெரியும்.

மல்லிகைப் படம் ஒன்றே ஒன்று. மார்கழிப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற பூ, சித்திரையில் வரத்து கூடி மலிந்துவிடுகிறது. மாட்டுத்தாவணியில் விடிகிற நேரத்தில் மூட்டைமேல் ஈரத்துணி போட்டுக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் மொட்டு, சாயங்காலம்தான் விரியும். ஒரு பெரியவர் மொட்டுக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளுகிறார் (17). வாசனையை மட்டும் நீயே சேர்த்துக்கொள்.

18-ம் நம்பரைப் பார்த்து நீ கத்தாமல் இருந்தால் ஆச்சரியம். நுங்கு வண்டி! இப்போதெல்லாம் யார் செய்கிறார்கள் என்று நினைத்தேன். நம் தெருவிலேயே, லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த ஒரு பையன், நுங்கு தின்ற வெறும் கூடு இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினான். உன் வீட்டு வாசலில்தான் (இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள், திண்ணையை இடித்துவிட்டு கேட் போட்டிருக்கிறார்கள், அதைப் படம் எடுக்க மனசு வரவில்லை). பையனின் சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. நான் உட்கார்ந்து குச்சியின் முனையைச் சீவிக் கொடுத்தேன். விரலுக்கு அந்த வேலை மறக்கவில்லை.

19 முதல் 21 வரை கோடை மழை. ஒரே சாயங்காலம் எடுத்தவை. விளக்கம் வேண்டாம்.

இனி 22. இதோடு சேர்த்து ஒரு பழைய சதுரப் படத்தின் காப்பியும் வைத்திருக்கிறேன். அந்த ரோலில் தேறிய ஒன்று. மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடக்கிறது. நீ கிரிக்கெட் பேட்டை ஊன்றிக்கொண்டு குளத்துக்கு நடுவே நிற்கிறாய், பின்னால் மைய மண்டபம். உன் நிழல் காலுக்கடியில் குட்டியாகக் கிடக்கிறது. கருப்பு வெள்ளையில் உன் சட்டை வெள்ளையாகத் தெரிந்தாலும் அது மஞ்சள் சட்டை, எனக்குத் தெரியும். திருமலை நாயக்கர் மஹாலுக்காக மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்று சரித்திர வாத்தியார் சொன்னதும், நீ பிட்ச்சில் நின்றுகொண்டு “அப்ப நாம மஹாலோட அஸ்திவாரத்துல ஆடுறோம்டா” என்று கத்தினாய்.

போன வாரம் அதே படிக்கட்டில், அதே மூலையில், பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினேன். மண்டபத்தின் கோணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது சில வருஷமாக வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் விடுகிறார்கள். இந்தக் கோடையிலும் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. நீ நின்ற இடம் தண்ணீருக்கடியில். அங்கே மண்டபத்தின் நிழல் விழுந்து அலையில் உடைகிறது. ஒரு பையன் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுகிறான். குளம் நிறைந்து கிடக்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதுண்டு, பெரியவர்கள் சொல்கிற தெப்பத் திருவிழாவையெல்லாம் கேட்டுக் கேட்டு. அது நிறைந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னை நிற்க வைத்து எடுக்க இடமில்லையே என்று ஒரு வருத்தமும் கூடவே வந்தது. இரண்டும் உண்மை.

வேறு சேதி: மகனுக்கு ஆவணியில் பெண் பார்க்கப் போகிறோம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலை நடை இந்தப் படங்களால் தவறவே இல்லை, அது ஒரு லாபம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே மார்கழி பிறக்கும்போது உனக்கு அங்கே கோடை. நீ இருக்கிற தெரு, காய்கறி வாங்குகிற கடை, பேத்தி பஸ்ஸுக்கு நிற்கிற இடம், அங்கே ஜனம் எந்த நிழலில் ஒதுங்குகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ பன்னிரண்டு படம் அனுப்பினால் போதும். பின்பக்கம் நம்பர் போட்டு, உன் கையால் எழுதி, தபாலில்.

உன்,
பழைய கூட்டாளி